பாட்டு ஊருக்கு, பேர் யாருக்கு?

2021 மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு. புதுச்சேரி காந்தி வீதியில் வாராவாரம் கூடும் சண்டே மார்க்கெட். சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. கட்சிக்காரன் ஆட்டோவில் போட்ட பாட்டைவிடச் சத்தமாய் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பழைய துணி விற்கிறவர், பிளாஸ்டிக் வாளி விற்கிற அம்மா, செல்போன் உறை விற்கிற பையன் என்று எல்லாருடைய பெட்டியிலும் அதே பாட்டு. ஒப்பாரியின் இழுப்பு, பறையின் நடை, நடுவில் மூச்சுவிடாமல் அடுக்கிப் பேசும் ஒரு குரல். நின்றுவிட்டேன். எங்க ஆயா செத்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. அந்த இழுப்பை நான் வேறெங்கும் அதுவரை கேட்டதில்லை.

உறை விற்ற பையனைக் கேட்டேன்: “யார் பாட்டு தம்பி இது?”

“யூடியூப் பாட்டுண்ணே.”

“பாடுனது யாரு?”

“தீ-ன்னு ஒரு பொண்ணு. கூட ஒருத்தரு பாடுவாரு.”

அந்தக் ‘கூட ஒருத்தர்’தான் பாட்டை எழுதியவர். அரக்கோணத்துக்காரர். அறிவு என்று பேர். பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் சொன்னது அன்றைக்கு ஊரே சொன்ன பதில்தான். ஆனால் அந்த ரெண்டு வார்த்தை என்னை விடவில்லை. பாட்டு நம்முடையதாக இருக்கும்போது மட்டும் பாடினவன் எப்படி ‘கூட ஒருத்தர்’ ஆகிப்போகிறான்? இந்தக் கேள்வியை அறிவின் கதையை வைத்தும், அதற்கு முன்னால் இதே புதுச்சேரியில் நாங்கள் கேட்ட, பாடிய, பிரதி எடுத்த பாட்டுகளை வைத்தும் பேசிப் பார்க்கிறேன். இதில் என்மேலும் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1

பேர் என்பது நம்மைப் பொறுத்தவரை சாதாரண விசயம் கிடையாது. புதுச்சேரிக்காரனுக்கு இது இன்னும் நல்லாத் தெரியும். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி, மத வழக்கத்தை ஒட்டிய சொந்தச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவன் வரலாம். வருகிறவன் தனக்கென்று ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். ‘ரெனோன்சான்’ என்று அவர்களுக்குப் பேர், துறந்தவர்கள் என்று அர்த்தம். மேல்சாதிக்காரர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனவர்களில் சேரி மக்களும் கிறித்தவர்களும்தான் கணிசம். துறக்கிறதால் நஷ்டப்படுகிறவன் ஏன் துறக்கப் போகிறான்? குப்பா, சுப்பா என்று எவனும் அதட்டிக் கூப்பிடுகிற பேரை விட்டுவிட்டு, பதிவேட்டில் தானே பார்த்து வைத்த ஒரு பேரோடு நின்றான் நம் பாட்டன். அந்தப் பேரோடுதான் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கும் போனான், பென்சனும் வாங்கினான். சாதி அதோடு ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் தன் பேரைத் தானே வைத்துக்கொள்வது ஓர் அரசியல் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

அதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பிரிட்டிஷ் பகுதியில் அயோத்திதாசப் பண்டிதர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மைச் ‘சாதியற்ற தமிழர்’ என்று பதியச் சொல்லிப் போராடினார். நூற்றிருபது வருசத்துக்கு மேல் கழித்து அந்தப் பேரை எடுத்து ஓர் இசைக்குழு தனக்குச் சூட்டிக்கொண்டது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

2

1990களின் தொடக்கம். அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்து ஊர் ஊராய் மன்றங்கள் முளைத்த நேரம். நான் அப்போது கல்லூரி மாணவன். எங்கள் கூட்டங்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது பேச்சு இல்லை, பாட்டுதான். பேச்சாளர் வர லேட்டானால் பாட்டு, கரண்டு போனால் பாட்டு, போலீஸ் வந்து நின்றாலும் பாட்டு.

புதுச்சேரிக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர் கே.ஏ. குணசேகரன். ‘பலி ஆடு’ நாடகத்தையும், பிற்பாடு 2005இல் ‘வடு’ என்ற தன்வரலாற்றையும் எழுதியவர். அவருடைய ‘தன்னானே’ கலைக்குழு பறையையும் தவிலையும் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழக அரங்குக்கும் போகும், சேரித் தெருமுனைக்கும் வரும். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை அவர் குரல் தமிழகம் பூராவும் கொண்டு போனது. இன்னொருவர் தலித் சுப்பையா. இடதுசாரி இயக்கத்தில் லெனின் சுப்பையாவாக இருந்து, பிறகு தலித் என்ற சொல்லையே தன் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர். ‘விடுதலைக் குரல்’ என்ற கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனார். அவரே எழுதுவார், மெட்டுப் போடுவார், பாடுவார். ஒரு படுகொலை நடந்தால் அடுத்த கூட்டத்துக்குள் அதற்கு ஒரு பாட்டு இருக்கும். குணசேகரன் 2016இலும் சுப்பையா 2022இலும் காலமானார்கள்.

இவர்கள் பாட்டு எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது? வானொலியில் வரவில்லை. சினிமாவில் வரவில்லை. பெரிய இசைக் கம்பெனி எதுவும் இவர்களைத் தேடி வரவில்லை. கேசட்டில் வந்தது. கேசட் என்கிற சாமான் செய்த புரட்சியை இன்றைக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். இசைத்தட்டு அச்சடிக்க ஆலை வேண்டும், முதல் வேண்டும். கேசட்டுக்கு ஒரு வெற்று நாடாவும் ரெட்டை டெக் டேப்ரிக்கார்டரும் போதும். கூட்டத்தில் மேடைக்குக் கீழே டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்து, ராத்திரி பூரா உட்கார்ந்து பத்துப் பிரதி எடுத்து, காலையில் பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம். பாடகன் போகாத ஊருக்கும் பாட்டு போய்விடும். இப்போது யூடியூபைப் பற்றி என்னவெல்லாம் சொல்கிறார்களோ, அதையெல்லாம் அன்றைக்கு நாங்கள் கேசட்டைப் பற்றிச் சொன்னோம்.

அந்தப் பிரதி எடுக்கிற வேலையைச் செய்தவர்களில் நானும் ஒருத்தன். வெற்றுக் கேசட்டின் விலைக்கு மேல் அஞ்சு ரூபா வைத்து விற்று, அதில் நோட்டீஸ் அடிப்போம். கேசட்டின் மேல் ஒட்டுகிற சீட்டில் என் கையெழுத்தில் எழுதுவேன்: ‘புரட்சிப் பாடல்கள்’, ‘தலித் எழுச்சி கீதங்கள் பாகம் 2’. எழுதியவர் பேரோ பாடியவர் பேரோ எழுத மாட்டேன். சிவப்பு மசியில் தலைப்பை எழுதினாலே சீட்டு நிரம்பிவிடும் என்பது ஒரு காரணம். நிஜமான காரணம் வேறே. ‘இது மக்களின் பாட்டு, தனிமனிதப் பேர் என்னாத்துக்கு?’ என்று நாங்கள் நினைத்தோம். அது பெரிய தத்துவம் என்றும் நினைத்தோம். ஒரு ஊரில் சுப்பையாவின் பாட்டை அவர் முன்னாலேயே பாடி, ‘இது பழைய நாட்டுப்புறப் பாட்டு’ என்று அறிமுகம் செய்தார்களாம். எனக்குச் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்தேன். அந்தப் பாட்டு அந்த ஊருக்கு என் சீட்டு ஒட்டிய கேசட்டில்கூடப் போயிருக்கலாம்.

3

எங்க ஆயா ஒப்பாரி பாடுவாள். நடவுக்கும் பாடுவாள். சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் ஆள் அனுப்பிக் கூட்டிப் போவார்கள். 1996இல் ஓர் ஆய்வாளர் டேப்ரிக்கார்டரோடு எங்க வூட்டுத் திண்ணைக்கு வந்தார். மூணு நாள் ஆயாவைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். “சாவில்லாத வூட்டுல ஒப்பாரி பாடக் கூடாதுப்பா” என்று முதல் நாள் தயங்கினவள், பிறகு செத்துப்போன தன் மகனை நினைத்துக்கொண்டு பாடினாள். போகும்போது ஒரு துண்டும் அம்பது ரூபாயும் கொடுத்தார். ரெண்டு வருசம் கழித்து புத்தகம் வந்தது. அட்டையில் ஆய்வாளர் பேர். உள்ளே ஆயாவின் பாட்டு பதினாறு பக்கம். கீழே அடைப்புக்குள்: ‘தகவலாளி: மூதாட்டி, வயது சுமார் 70.’

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். பாட்டு முழுக்கத் தலையாட்டினாள். முடிந்ததும், “எம்பேரு எங்கடா இருக்குது?” என்று கேட்டாள். நான், “புத்தகத்துல அப்படித்தான் போடுவாங்க ஆயா” என்றேன்.

நாட்டார் பாடல் என்ற சொல்லின் அரசியலை நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை. கீர்த்தனை என்றால் கடைசி வரியில் முத்திரை இருக்கும், எழுதினவன் பேர் நிற்கும். சினிமாப் பாட்டு என்றால் டைட்டிலில் பேர் வரும். நம் வீட்டுப் பெண் தன் மகன் பிணத்தின் முன்னால் அந்த நிமிசத்தில் கட்டிய பாட்டு மட்டும் ‘மரபு’. மரபு என்றால் எல்லாருக்கும் பொது. பொது என்றால் யாரும் எடுக்கலாம். எடுத்தவன் அதில் தன் பேரைப் போட்டுக்கொள்ளலாம். புறம்போக்கு நிலம் மாதிரிதான். பட்டா யார் கையில் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

4

இப்போது அறிவுக்கு வருகிறேன்.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி. கானா, ராப், ராக் மூணும் பறையோடு ஒரே மேடையில். பத்தொன்பது பேர். நான் முன்னால் சொன்ன அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்பதுதான் அந்தப் பேரின் மூலம். இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை என்று நம் தெருவில் பேசுகிறதையெல்லாம் பாட்டாக்கினார்கள். கச்சேரி இரவே பதிவுகள் கைக்குக் கைக்குப் பரவின. அந்தக் குழுவில் ராப் பாடிய இளைஞர்தான் அறிவு. அதே வருசம் ‘காலா’ படத்துக்கு ‘உரிமையை மீட்போம்’ பாட்டை எழுதினார்.

2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். தலைப்பைப் பாருங்கள், திருக்குறளைத் தெருவுக்கு இறக்கிய குரல். சினிமாவை நம்பாமல் நேராக இணையத்தில் போட்ட பாட்டுகள். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட 13 பேரில் ஸ்னோலினும் ஒருவர். அந்த இளம்பெண்ணின் பேரிலேயே ஒரு பாட்டு இதில் இருக்கிறது. ‘ஆன்ட்டி இண்டியன்’ என்று வசைபாடினவர்களுக்கு அதே சொல்லைத் தலைப்பாக வைத்துப் பதில் சொன்னார். அந்த வருச டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நாடே தெருவில் நின்றபோது ‘சண்டை செய்வோம்’ வந்தது. சம்பவம் நடந்த சூட்டோடு பாட்டு. சுப்பையா மேடையில் செய்ததை அறிவு செல்போன் திரையில் செய்தார். இடையே ‘மாஸ்டர்’ மாதிரிப் பெரிய படங்களிலும் எழுதினார், பாடினார்.

2021 மார்ச் 7ஆம் தேதி, ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட ‘மாஜா’ தளத்தில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளிவந்தது. அறிவும் தீயும் பாடினார்கள். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். பாட்டின் அடியில் இருக்கிறவள் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். 1948இல் சிலோன் அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரைச் சிலோன் வைத்துக்கொள்வது, மிச்சத்தை அப்புறம் பார்ப்பது என்று பங்கு போட்டார்கள். ஆடு மாட்டைப் பங்கு போடுகிற மாதிரி. அந்த மக்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டவள், தோட்டத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு கப்பலேறினாள். நிலத்தை உண்டாக்கியவளுக்கு நிலம் இல்லை என்கிற அந்தக் கதையைத்தான் பேரன் பாட்டாக்கினான். அந்தப் பாட்டை 40 கோடித் தடவைக்கு மேல் கேட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அந்தப் பாட்டின் மறுகலவை வந்தபோது நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகையில் தீயும் டிஜே ஸ்னேக்கும் இருந்தார்கள், அறிவு இல்லை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார், பலரும் கேட்டார்கள். அதன்பின் அறிவை வைத்துத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதல்வரும் உட்கார்ந்திருந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை. பாட்டை எழுதியது, இசையமைத்தது, பாடியது தான் என்றும், யாரும் தனக்கு ஒரு மெட்டுக்கூடக் கொடுக்கவில்லை என்றும் ஆகஸ்ட் 1ஆம் தேதி அறிவு எழுதினார். இசையமைத்ததும் தயாரித்ததும் தான் என்றும், உரிமையும் வருமானமும் மூன்று பேருக்கும் சமம் என்றும், அந்த நேரம் அறிவு அமெரிக்காவில் இருந்ததால்தான் கலந்துகொள்ள முடியவில்லை என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கம் கொடுத்தார். 2024 மார்ச்சில் அவரே இன்னொன்றும் சொன்னார்: மூணு வருசமாகியும் இந்தப் பாட்டுக்காகத் தங்களுக்குப் பணம் எதுவும் வந்து சேரவில்லை.

மெட்டு யாருடையது என்பதற்கு நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மாரியம்மாளோ தீயோ மேடை ஏறியதும் குற்றமில்லை. நான் கேட்பது வேறு. ஒரு பாட்டில் மூணு பேர் இருக்கும்போது, ஒவ்வொரு தடவையும் ‘இடமில்லாமல்’ போகிறவன் எப்படி ஒரே ஆளாக இருக்கிறான்? ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மூணு தடவை நடந்தால் அது பழக்கம். சாவுக்குப் பறை வேண்டும், பறையடிக்கிறவன் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்கிற அதே பழக்கம். இதற்கு யாரும் உட்கார்ந்து சதி செய்ய வேண்டியதில்லை. யாருக்கும் உறுத்தாமல் இருந்தாலே போதும்.

5

இணையம் எல்லாரையும் சமமாக்கிவிட்டது என்று இன்றைக்கு நம் பையன்கள் நம்புகிறார்கள். பாதி சரி. கம்பெனி வாசலில் நிற்காமல், சபா செயலாளரின் தயவு இல்லாமல், ஒரு சேரிப் பையன் தன் பாட்டை உலகத்துக்குக் கொடுக்க முடிகிறது. இது சாதாரண வெற்றி இல்லை. ஆனால் பாட்டு யாருடைய சேனலில் ஏறுகிறது, ஒலிப்பதிவின் உரிமை எந்தக் காகிதத்தில் யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது, ‘பாடல் வரிகள்’, ‘இசை’ என்ற இடங்களில் யார் பேரை நிரப்புகிறார்கள் என்பதில்தான் பழைய ஊர், பழைய சேரி திரும்ப வருகிறது.

இளம் தோழர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1957ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. ஒலிப்பதிவில் சேர்ந்த பாட்டுக்கு வரிகள் எழுதியவரும் இசையமைத்தவரும், அது பயன்படும்போது கிடைக்க வேண்டிய ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கோ, உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கத்துக்கோதான் அதை மாற்றித் தர முடியும். பாடினவருக்கும் தன் பேர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கிற உரிமை அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. சட்டம் இருந்தால் நடந்துவிடுமா? நடக்காது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989லிருந்து இருக்கிறது, அது எப்படி நடக்கிறதென்று நமக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதத்தைப் படி. ‘மக்களுக்கான பாட்டு, காசு பேரெல்லாம் எதுக்கு’ என்று யாராவது சொன்னால், சொல்கிறவன் பேர் அந்தக் காகிதத்தில் எங்கே இருக்கிறது என்று பார்.

அந்த வசனத்தை ஒரு காலத்தில் சொன்னவன் நான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். ஆய்வாளரும் நல்ல எண்ணத்தோடுதான் ஆயாவைத் ‘தகவலாளி’ ஆக்கியிருப்பார். அவர் செய்ததை முப்பது வருசமாகத் திட்டிக்கொண்டிருக்கிற நான், சிவப்பு மசியில் ‘பாகம் 2’ என்று எழுதியதை மறந்துபோனேன். தலித் சுப்பையாவின் வாழ்க்கையை நீலம் தயாரிப்பில் கிரிதரன் எம்.கே.பி. ஆவணப்படமாக்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது சந்தோசப்பட்டேன். கூடவே வெட்கமாகவும் இருந்தது. அந்தப் பாட்டுகளை வைத்துக் கூட்டம் கூட்டிய நாங்கள், அவர் இருக்கும்போதே அவர் பாட்டுகளை வரிசைப்படுத்தி, எந்த வருசம், எந்தச் சம்பவத்துக்கு எழுதியது என்று குறித்துவைத்திருக்க வேண்டாமா?

2024இல் அறிவு ஒரு தனித் தொகுப்பை வெளியிட்டார். அதன் பேர் ‘வள்ளியம்மா பேராண்டி’. ராப் பாடுகிறவர்கள் எத்தனையோ பட்டப்பேர் வைத்துக்கொள்வார்கள். இவர் தோட்டத்தில் கூலிக்காரியாக இருந்த பாட்டியின் பேரை எடுத்துத் தலைப்பில் வைத்து, தன்னை அவள் பேரனாக மட்டும் எழுதிக்கொண்டார். ‘தகவலாளி: மூதாட்டி’ என்று போடுகிற வேலை இனி அங்கே நடக்காது. அந்தப் பாட்டைக் கேட்க நினைக்கிறவன் முதலில் வள்ளியம்மாளின் பேரைத் தட்டச்சு செய்தாக வேண்டும். என்னைக் கேட்டால், 40 கோடித் தடவையைவிட இது பெரிய காரியம்.

போன வருசம் பரண்மேல் தேடினேன். ஆயாவை நானே பதிவு செய்த கேசட் ஒன்று கிடைத்தது. மேலே என் கையெழுத்தில் ‘ஒப்பாரி – 2’. நாடா ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றி, தெரிந்த தம்பி ஒருவரிடம் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றினோம். இடையில் ஒரு கோழி கத்துகிறது, தூரத்தில் சர்ச் மணி அடிக்கிறது, ஆயா பாடுகிறாள். அதை இணையத்தில் போட வேண்டும் என்று என் தங்கை மகள் சொல்கிறாள். போடு என்றேன். ‘மரபுப் பாடல்’ என்று எழுதாதே, எழுதி இசையமைத்துப் பாடியவர் என்று மூணு இடத்திலும் ஆயா பேரையே போடு என்றும் சொன்னேன்.

“ஆயா பேரு என்னா மாமா?” என்று கேட்டாள்.

நாங்கள் எல்லாரும் அவளை ஆயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம். ரேசன் கார்டை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பெண் பாட்டை வெளியிடும்போது அவளே முதலில் சொல்லட்டும். கேசட்டின் சீட்டில் ‘ஒப்பாரி – 2’ என்பதை மட்டும் அடித்துவிட்டு, அந்தப் பேரை எழுதி வைத்திருக்கிறேன்.